முருங்கை இலைத் தேநீரும் மாமாவின் மாத்திரையும்



மழைக்காலம் தொடங்கியது முதல் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் மூன்று ஒரே காரியத்தைக் கேட்கின்றன. எங்கள் குடியிருப்பின் சுற்றுச்சுவர் ஓரத்தில் முருங்கை நிற்கிறது, கொய்யா நிற்கிறது. அதன் பச்சை இலையைப் பறித்து வீட்டிலேயே தேநீர் வைக்கலாமா, எப்படி வைப்பது, அதைக் குடித்தால் சர்க்கரை வியாதி நீங்கிவிடுமா என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் மகிழ்ச்சியோடு பதில் எழுதலாம். மூன்றாவது கேள்விக்கு எங்கள் வீட்டில் நடந்ததையே எழுத வேண்டியிருக்கிறது. மாமாவிடம் அனுமதி பெற்றுத்தான் எழுதுகிறேன்.

முதலில் தேநீரைப் பற்றி. நாம் அன்றாடம் குடிக்கும் தேயிலையும் ஒரு மரத்தின் இலைதான். நீலகிரியிலும் அசாமிலும் இடுப்பளவுக்கு வெட்டி வெட்டி நிறுத்தியிருப்பதால் செடியாகத் தெரிகிறது. வெட்டாமல் விட்டால் மரமாகவே உயர்ந்துவிடும். மும்பையில் வாழும் நமக்கு அந்த இலையோடுள்ள உறவு சற்று அதிகம். காலையில் வீட்டில் ஒன்று, இரயில் நிலைய வாசலில் ஒரு கட்டிங், வேலையிடத்தில் இரண்டு, மாலையில் விருந்தினர் வந்தால் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் சர்க்கரை; ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஐந்து குவளையில் பத்துத் தேக்கரண்டி சர்க்கரை நாம் அறியாமலே உள்ளே போய்விடுகிறது. ஆகையால் அந்த ஐந்தில் இரண்டை நிறுத்தி, சர்க்கரை சேர்க்காத இலைத் தேநீரை வைத்தால் உடலுக்கு நன்மை உண்டு. முருங்கையிலும் கொய்யாவிலும் தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீன் இல்லை என்பது இன்னொரு நன்மை. இரவு ஜெபக்கூட்டம் முடிந்து வந்து குடித்தாலும் படுத்தவுடன் உறங்கலாம்.

இனிச் செய்முறை. முருங்கையானால் கொழுந்துமல்லாத முற்றலுமல்லாத நடுத்தர இலையை ஈர்க்கிலிருந்து உருவி, இரண்டு பேருக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக் கலந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பின்பு குழாய் நீரில் இரண்டு முறை அலசுங்கள். இரண்டு குவளை நீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகே இலையைப் போட்டு மூடி வையுங்கள். ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். வடிகட்டினால் இளம்பச்சை நிறத்தில் இருக்கும். இலையோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் நிறம் மங்கிப் பச்சைக் கீரை வாசனை தூக்கலாகிவிடும். பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இறக்கிய பின் நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அந்த வாசனை அடங்கும். சிறு துண்டு இஞ்சியைத் தட்டி நீரோடு கொதிக்கவிடலாம். இங்கே காய்கறிக் கடைகளில் கட்டாக விற்கிறார்களே, மராட்டியர் தேநீரில் போடும் கவதி சஹா என்னும் எலுமிச்சைப் புல், அதில் ஒரு தாளைக் கிள்ளிப் போட்டாலும் நன்றாயிருக்கும்.

கொய்யா இலை தடிப்பானது. அதற்கு வெந்நீரில் ஊறுவது மட்டும் போதாது. நான்கைந்து இளம் இலைகளைக் கழுவி, கையால் கிழித்து, இரண்டரைக் குவளை நீரில் போட்டுச் சிறு தீயில் எட்டு நிமிடம் வைத்தால் இரண்டு குவளையாக இறங்கும். வெளிறிய செம்மண் நிறமும் இலேசான துவர்ப்பும் வரும். இன்னும் சுண்டவிட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்கும். அப்போது அது தேநீர் அல்ல, கஷாயம். இந்த வேறுபாட்டை நம் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தார்கள். கஷாயம் என்பது நாலில் ஒன்றாகச் சுண்டவைத்து, அவுன்ஸ் கணக்கில், மூன்று நாளோ ஐந்து நாளோ கொடுத்து நிறுத்துவது. தேநீர் என்பது தாகத்துக்குக் குடிப்பது. இன்று நாம் கஷாயத்தின் கனத்தில் காய்ச்சித் தேநீரின் அளவில் மாதக்கணக்காகக் குடிக்கிறோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

எவர்சில்வர் பாத்திரமோ மண்சட்டியோ நல்லது. எலுமிச்சை சேர்ப்பதானால் அலுமினியம் வேண்டாம். அன்று பறித்ததை அன்றே பயன்படுத்துங்கள். ஊரில் நிழலில் உலர்த்தி டப்பாவில் அடைத்து வைப்போம். மும்பை மழையில் அது நடவாது, மூன்றாம் நாளே பூசணம் பிடிக்கும். பூசணம் கண்ட இலையை வறுத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் சீர்படாது, கொட்டிவிடுங்கள்.

எந்த மரத்திலிருந்து பறிக்கிறோம் என்பது செய்முறையைவிடப் பெரிய காரியம். மொழி மாறிய ஊரில் மரத்தின் பெயரும் மாறிவிடுகிறது. முருங்கை இங்கே ஷேவ்கா. கீரையைக் கேட்பதானால் ஷேவ்க்யாச்சா பாலா என்று கேட்க வேண்டும். டெல்லிப் பக்கம் சஹஜன், பெங்களூரில் நுக்கே, ஹைதராபாத்தில் முனகாக்கு, கல்கத்தாவில் சஜ்னே. கொய்யா இங்கே பேரு, வடக்கே அம்ரூத், வங்காளத்தில் பேயாரா. பெயரைச் சொல்லிக் கேட்ட பின்பும் கையால் கசக்கி முகர்ந்து பாருங்கள். முருங்கை இலையில் இலேசான கார நெடி இருக்கும். கொய்யா இலையைக் கசக்கினால் பழத்தின் மணமே எழும். இலையின் அடிப்புறத்தில் நரம்புகள் புடைத்து நிற்கும். அடிமரத்தின் பட்டை மெல்லிய தகடாக உரிந்து வழவழப்பாய் இருக்கும். உறுதியாகத் தெரியாத இலையை அழகாயிருக்கிறதென்று பறிக்க வேண்டாம். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டிலும் பூங்காக்களிலும் வளர்க்கிற அரளி இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு; கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மஞ்சள் அரளியும் அப்படியே.

வாகனங்கள் ஓயாது ஓடும் சாலையோரத்து மரமும் வேண்டாம். அந்த இலையில் படிந்திருப்பது வெறும் மண் தூசி அல்ல. பழவண்டியில் கொய்யாவோடு ஒட்டி வருகிற இலையைச் சிலர் சேர்த்து வைக்கிறார்கள். தோட்டத்தில் பூச்சிமருந்து தெளித்தது எந்த நாள் என்று பழவண்டிக்காரருக்கே தெரியாது, ஆகவே அதுவும் ஆகாது. மழைக்காலத்தில் முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாய் அப்பிக்கொண்டிருக்கும். அதன் உரோமம் பட்டாலே தடித்து அரிக்கும். பூச்சி கண்ட மரத்தின் இலையை அந்தப் பருவம் முடியும்வரை தொடாதிருப்பதே நலம். இன்னொன்று, இலை பறிப்பதற்காகக் கிளையை முறித்துவிடாதேயுங்கள். மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரங்களைக் காக்க 1975-ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. கிளை கழிக்கவும் மாநகராட்சியின் அனுமதி வேண்டும். குடியிருப்புச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பறிப்பதே நமக்கு அழகு.

இப்போது மாமாவின் காரியத்துக்கு வருகிறேன்.

அத்தை மரித்தபின் மாமா உடன்குடிப் பக்கத்துக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கினார். ஆரம்பப் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கத் தெரியாதவர். நான்காம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, சுவரோரத்து முருங்கையைக் கண்ட அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தோம். மறுநாள் விடியற்காலையிலேயே இறங்கிப் போய் ஒரு கொத்து இலையோடு வந்தார். அன்றுமுதல் எங்கள் வீட்டில் காலைத் தேநீர் அவர் கையால்தான். பக்கத்து வீட்டு மராட்டிய அம்மையாருக்கும் ஒரு குவளை போகும். பதிலுக்கு அவர்கள் அதே இலையில் கடலைமாவு தூவிச் செய்த பாஜி வரும். பாஷை தெரியாமல் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்த மனுஷர் அந்த மரத்தினால் வெளியே வந்தார். இதை நான் குறைத்து எழுத மாட்டேன்.

மூன்றாம் மாதத்தில் அவருடைய இடது கால் பெருவிரலின் ஓரத்தில், புதுச் செருப்பு உராய்ந்த இடத்தில், ஒரு புண் வந்தது. சிறிய புண்தான். பத்து நாளாகியும் ஆறவில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்றோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 312. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 11-க்கு மேல். ஊரில் இருந்தபோது 7-க்குள் வைத்திருந்தவர் அவர். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?" என்று மருத்துவர் கேட்டார். "சாப்பிடுகிறார்" என்று நான்தான் பதில் சொன்னேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது வேதாகமத்தின் கீழே மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அடுக்கியிருந்தன. ஏழு வாரத்து மாத்திரை. ஏனென்று கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை. ஊரிலிருந்து யாரோ கைப்பேசிக்கு அனுப்பிய செய்தியில் முருங்கை இலை சர்க்கரையை அடியோடு நீக்கும் என்றிருந்ததாம். ஆற்றங்கரை மரங்களின் இலைகளைக் குறித்து எசேக்கியேல் கண்ட தரிசனமும் அதோடு சேர்ந்துகொண்டது. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "மாசம் எண்ணூறு ரூபாய் ஆகுதேம்மா, அவன் ஒருத்தன் சம்பளம்தானே" என்றார். உண்மைக் காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

குற்றம் என்மேலும் உண்டு. இலைத் தேநீரைச் சபையில் எல்லாரிடமும் புகழ்ந்து பேசினவள் நான். ஒருநாளாவது அட்டையை எடுத்து எண்ணிப் பார்க்கவில்லை. அதுமட்டுமல்ல, தேநீர் கசக்கிறதென்று ஒவ்வொரு குவளையிலும் இரண்டு துண்டு உடன்குடிக் கருப்பட்டியைப் போட்டுக் குடித்திருக்கிறார். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கருப்பட்டிதானே, சீனி இல்லையே என்று எண்ணினேன். நம்மில் அநேகர் இப்படியே எண்ணுகிறோம். கருப்பட்டியில் வேறு சில சத்துக்கள் இருப்பது மெய். ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் இரத்தத்தில் அது ஏறத்தான் செய்யும். தேனும் அப்படியே. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவுவதும் கூடாது. அது வேறு ஆபத்து.

விரலை எடுக்க வேண்டிவருமோ என்று மூன்று வாரம் அஞ்சியிருந்தோம். சபையார் ஜெபித்தார்கள், செவிலியர் ஒருநாள்விட்டு ஒருநாள் கட்டு மாற்றினார், இரண்டு வாரம் இன்சுலின் போட்டார்கள். புண் ஆறியது. மருந்துச் செலவைக் குறித்து மாமா தயங்கித் தயங்கிக் கேட்டபோது மருத்துவர் மருந்தின் மூலப் பெயரை எழுதிக் கொடுத்து, ஜன் ஔஷதி கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதே மருந்து மிகக் குறைந்த விலையில் கிடைத்தது. முன்னமே கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் விலைக்குப் பயந்து ஒருநாள்விட்டு ஒருநாள் மாத்திரை விழுங்குகிறார்களோ என்னவோ, கேட்டுப் பாருங்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள், அட்டையை எண்ணுங்கள்.

தேநீரை நிறுத்த வேண்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம், மாத்திரையை நிறுத்தினதும் கருப்பட்டியைச் சேர்த்ததுமே தவறு என்றார் மருத்துவர். கொய்யா இலைத் தேநீரை உணவோடு குடித்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவது சற்று மந்தப்படுகிறதென்று ஜப்பானில் ஆராய்ந்து, அந்தப் பயனைச் சொல்லி விற்க அங்கே அரசு அனுமதியும் கொடுத்திருக்கிறது. அது உணவுக்குப் பின் ஏறும் ஏற்றத்தைச் சிறிது மட்டுப்படுத்தும் துணை மட்டுமே. மாத்திரையின் வேலையை அது செய்யாது. மாத்திரையோடு சேர்த்து நாள்தோறும் குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திடீர் வியர்வை, கைநடுக்கம், கண்ணிருட்டல் வந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். அப்போது சோதித்துப் பார்க்க வேண்டும்.

இலையில் உள்ளதெல்லாம் நீரில் இறங்கிவிடும் என்பது இன்னொரு தவறான எண்ணம். முருங்கைக் கீரையின் புரதமும் இரும்பும் சுண்ணாம்பும் பெரும்பாலும் இலையிலேயே தங்கிவிடுகின்றன. கண்ணுக்கு நல்லதென்று சொல்லும் சத்து எண்ணெயில் கரைவதே தவிர நீரில் கரைவதல்ல. வைட்டமின் சி சூட்டில் குறைந்துபோகும். ஆகையால் இரத்தக் குறைவுள்ள சகோதரிகள் தேநீரை நம்பியிராமல் கீரையையே தேங்காய்ப்பூ சேர்த்து வதக்கிச் சாப்பிடுங்கள், சோற்றில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். நான் வடிகட்டிய முருங்கை இலையையும் எறிவதில்லை, அடை மாவில் கலந்துவிடுகிறேன். சாதாரணத் தேநீரின் துவர்ப்பும் கொய்யா இலையின் துவர்ப்பும் உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கக்கூடியவை. இரத்தச் சோகைக்காரர்கள் சாப்பாட்டோடு அவற்றைக் குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அப்படியே.

கர்ப்பவதிகள் முருங்கையின் வேரையும் பட்டையையும் எவ்விதத்திலும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. கீரையை வழக்கம்போல் உண்ணலாம். நாள்தோறும் தேநீராகவோ பொடியாகவோ குடிப்பதானால் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடும் இதய நோயாளிகளும் கீரைப்பொடியைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொய்யா இலை நீர் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குழந்தையைக் காப்பது உப்புச்சர்க்கரைக் கரைசலே. ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலம் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. இலையைத் தேடிக்கொண்டு நேரத்தைப் போக்காதேயுங்கள்.

2020-இல் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு கஷாயம் கொதித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டின் இறுதி மாதங்களில் சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சீந்திலைப் போன்ற வேறொரு கொடியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்றது. எது சரியாயிருந்தாலும், என்ன இலை, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேளாமல் குடித்ததன் பலனை அந்த ஆறு பேரின் உடல்தான் சுமந்தது.

மாமா இன்றும் விடியற்காலையில் இறங்கிப் போகிறார். காலுக்கு மெத்தென்ற செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அடுப்பருகே ஏழு அறைகளுள்ள மாத்திரைப் பெட்டி இருக்கிறது. தேநீர் ஊறும் ஏழு நிமிடத்துக்குள் அன்றைய அறையைத் திறந்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குவார். வாத்தியாராயிருந்தவர், என்னிடம் பிள்ளைகளைப்போல் வீட்டுப்பாடம் காட்டுவதாகச் சொல்லிச் சிரிப்பார்.

மரமில்லாத குடியிருப்பில் இருப்பவர்களுக்காக அவர் சொல்லச் சொன்னது இது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் முருங்கையை விதையிலிருந்தே வளர்க்கலாம். போத்துக்கு அலைய வேண்டாம். வெயில் படும் பால்கனியில், அடியில் துளையிட்ட பழைய பெயிண்ட் டிரம்மில் மண்ணும் தொழு உரமும் நிரப்பி இரண்டு விதை ஊன்றுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும். டெல்லியில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால் பட்டுப்போயிற்றென்று பிடுங்கிவிடாதேயுங்கள், வெயில் ஏறினதும் துளிர்க்கும். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாமல் விட்டால் அது நெடுநெடுவென்று உயர்ந்து, கீரை பறிக்கிற பாக்கியம் மேல்மாடிக்காரருக்குத்தான் கிடைக்கும்.